நான் வளர்த்த முனி

வன்னியில் முனியை விரட்டிய முதல் ஆள் நான்தான். மாங்குளம் சந்தியில் இறங்கி யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

பொய். மாங்குளம் சந்தியில் என்னைத் தேத்தண்ணிக் கடைக்காரனுக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் நல்ல விதமாக இல்லை. முனியை நான் விரட்டவும் இல்லை. அதைக் கூட்டி வந்தவனே நான்.

எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓடி வந்தவர்களை, மாங்குளத்திலிருந்து கிழக்கே போகும் பாதையில் காட்டை வெட்டிக் குடியேற்றினார்கள். அதில் நானும் என் மனைவியும் ஒரு குடும்பம். அவளுக்குக் கொழுந்து பறிக்கத் தெரியும். எனக்கு வாய் பேசத் தெரியும். இரண்டுக்கும் அந்தக் காட்டில் வேலை இல்லை. எப்படியோ ஒரு துண்டுக் காணியைத் துப்புரவாக்கி, மண் சரிந்து மூடிய பழைய கிணறு ஒன்றின் பக்கத்தில் வத்தகப்பழம், அதுதான் தர்ப்பூசணி, போட்டேன். என் வாழ்நாளில் நான் வைத்து உருப்படியாக முளைத்தது அது ஒன்றுதான். பழம் தலையளவு வந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். மத்தியானம் பெரியவர்கள் சாப்பிட்டுச் சாயும் நேரம் பார்த்து வந்து, பழத்தை உடைத்துத் தின்றுவிட்டு, தோலை எனக்காக அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் போவார்கள்.

விரட்டி ஓட எனக்குக் கால் போதாது. நான் ஐந்தடிக்கு இரண்டு விரல் குறைவு. அதனால் யோசித்தேன். கிணற்றுக்குப் பின்னால் ஒரு பாலை மரம் நின்றது. ஒரு நாள் உச்சி வெயிலில் அதன் பின்னால் குந்தியிருந்து, பிள்ளைகள் பழத்தில் கை வைத்ததும் கை தட்டினேன். ஒரு தட்டு. ஒரு மூச்சு விடும் நேரம். இன்னொரு தட்டு. இன்னொரு மூச்சு. மூன்றாவது தட்டுக்குப் பிள்ளைகள் அங்கே இல்லை.

அன்று பின்னேரமே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கிணற்றடியில் முனி நடமாடுது, என் கண்ணாலே கண்டேன், பனை உயரம், இடுப்பில் வெள்ளைச் சாரம். மூன்று தரம் கை தட்டும், மூன்றாவதுக்குள் ஓடாவிட்டால் முதுகில் அறையும், ஐந்து விரலும் ஏழு நாளைக்கு அழியாது. ஐந்து விரல் என்றது சும்மா வாயில் வந்தது. ஆறு என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

பொய் சொல்வது சுலபம். அது வளரத் தொடங்கினால் நிறுத்துவதுதான் கஷ்டம். முதலில் யாரோ பாலை மரத்தடியில் ஒரு கல்லை நட்டார்கள். பிறகு கல்லுக்குக் குங்குமம் வந்தது. பிறகு வெள்ளிக்கிழமைகளில் பொங்கல். முனியை முதலில் கண்டவன் என்பதால் விபூதி போடவும் நூல் கட்டவும் என்னைப் பிடித்தார்கள். தேவாரம் ஒரு வரி தெரியாது. உதட்டை அசைத்துக்கொண்டு, தோட்டத்தில் பேர் கூப்பிடும் வரிசையை முணுமுணுப்பேன். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. பொங்கலில் முதல் பங்கும் ஒரு தேங்காய் மூடியும் எனக்கு. என் மனைவிக்கு மட்டும் உண்மை தெரியும். அவள் ஒருநாள் பானையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு நாளைக்கு அது உங்களையே அறையும் பாருங்க."

அது என்னை அறையவில்லை. ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒன்றை அறைந்தது.

குளிக்கும்போது பெண்கள் கண்டிருக்கிறார்கள். தோள்பட்டைகளுக்கு நடுவில் ஐந்து விரல், கறுத்துப்போய். நேரே என்னிடம் கொண்டு வந்தார்கள். முனி இல்லை என்று அந்த ஊரில் என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? இல்லாத ஒன்றின் கை அந்தச் சின்ன முதுகில் இருந்தது. சொன்னபடியே ஐந்து விரல். ஒரு கணம், மரத்துக்குப் பின்னால் நான் குந்தியிருந்தபோது எனக்குப் பின்னாலும் யாராவது குந்தியிருந்தார்களோ என்று நினைத்தேன்.

பிறகு, வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், ஒரு பெருமை வந்தது. நான் பெற்ற பிள்ளை தலையெடுத்துச் சம்பாதிக்கப் போன மாதிரி. குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு கேட்டேன்.

"முனிதானே அடிச்சது?"

பிள்ளை என் முகத்தைப் பார்த்தாள். சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். கறுப்பு நூல் ஒன்றைக் கையில் கட்டி, வீட்டுக்கு அனுப்பினேன். அடுத்த மாதம் திரும்பக் கொண்டு வந்தார்கள். அதற்கடுத்த இரண்டு மாதமும். இனி நான் சொல்லப்போகும் வகுப்பு ஊருக்கு வந்த நேரம் அவள் கையில் நான் கட்டிய நூல் நாலு இருந்தது. பேச்சு மட்டும் அநேகமாக நின்றுவிட்டது. நடந்தால் காலடி கேட்காது. திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பாள். அவள் முனிக்குப் பாதி சொந்தமாகிவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது.

அவளுக்குத் தாயும் தகப்பனும் இல்லை. சித்தப்பா வீட்டில் இருந்தாள். சித்தப்பா எங்கள் குடியேற்றச் சங்கத்தின் செயலாளர். எங்கள் தோட்டத்து ஆள்தான், ஆனால் படித்தவர். இந்தப் பக்கத்துப் பேச்சை ஒரே வருசத்தில் பிடித்துக்கொண்டார். ஆமா என்பதற்கு நான் ஓம் என்றால் சிரிப்பார்கள், அவர் ஓம் என்றால் தலையாட்டுவார்கள். காணிக்கு மனு எழுதுவது, அரசாங்கக் கச்சேரியிலிருந்து வரும் கடிதம் வாசிப்பது, எல்லாம் அவர்தான். கைநாட்டு வைக்கிற எங்களுக்கு அவர்தான் கண். சத்தம் போட்டுப் பேசமாட்டார். அவர் வீட்டிலிருந்தும் ஒரு சத்தம் வந்ததில்லை.

அவர்தான் அந்த வகுப்பையும் கொண்டு வந்தார்.

யாழ்ப்பாணப் பக்கமிருந்து ஒரு சிஸ்டர், கன்னியாஸ்திரி, வான் வண்டியில் வந்தார். பாலர் பள்ளிக் கொட்டிலில் மூன்று நாள் வகுப்பு. பாலர் பள்ளியில் படிப்பிக்கிற பெண்களுக்கும் சங்கத்து ஆட்களுக்கும், பிள்ளைகளுக்குத் துன்பம் வராமல் எப்படிக் காப்பது, வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கிற வகுப்பு. ஊரில் அதற்கு 'அடிக்கக்கூடாத வகுப்பு' என்று பேர். அடிக்காமல் இருக்க மூன்று நாள் படிக்க வேண்டுமா என்று நான் பகிடி விட்டேன். ஒரு நாளும் பள்ளிக்கூடம் போகாதவன் அல்லவா, எனக்குக் கொட்டிலுக்குப் பின்னால் சமையல் வேலை கொடுத்தார்கள். மூன்று கல்லு, ஒரு கிடாரம், நடுவில் ஓலைத் தட்டி. தட்டிக்கு அந்தப் பக்கம் படிப்பு, இந்தப் பக்கம் பருப்பு.

உதவிக்கு என்று செயலாளர் அந்தப் பிள்ளையை என்னிடம் அனுப்பினார். அனுப்பும்போதே சொன்னார், வெள்ளிக்கிழமை முனிக்குப் பொங்கி, கடைசி நூலையும் கட்டிவிட்டு, பிள்ளையைக் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப் போகிறாராம். சனிக்கிழமை ஆள் வந்து கூட்டிப் போகும். இங்கே இருந்தால் முனி விடாது. நானும் தலையாட்டினேன். யார் வீடு, எந்தத் தெரு என்று கேட்கவில்லை. பிள்ளை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் வகுப்பு தொடங்கியது. செயலாளர் முன் வரிசை வாங்குப் பலகையில் இருந்தார். எங்கள் குடியேற்றத்தில் மணிக்கூடு கட்டிய ஒரே கை அவருடையது. சிஸ்டருக்கு நேரம் பார்த்துச் சொல்லும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டு, மணிக்கூட்டைக் கழற்றி, எழுதும் கொப்பிக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார். பட்டியை நேராக்கி, முகம் மேலே தெரிகிற மாதிரி, மெதுவாக.

தட்டி ஓட்டையால் பார்த்துக்கொண்டிருந்த பிள்ளை கத்தியைக் கீழே வைத்தாள். எழும்பி அரிசிச் சாக்குக்குப் பின்னால் போய்க் குந்தினாள். இரண்டு கையாலும் பிடரியை மூடிக்கொண்டாள். அழவில்லை. என்னடி, வெங்காயம் கடிச்சிருச்சா என்று கேட்டேன். அவள் இருந்தபடியே இருந்தாள். சோறு கொதித்து வடிக்கும் வரை அப்படியே. எனக்கு அது ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் பருப்பு அடிப்பிடித்துவிட்டது, அதைப் பார்க்கப் போய்விட்டேன்.

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து சிஸ்டரின் குரல் வந்துகொண்டே இருந்தது. பெரிய வார்த்தை ஒன்றும் இல்லை, எனக்கே விளங்கியது. பிள்ளை ஒன்று சொல்ல வந்தால் முதலில் நம்ப வேண்டும். திரும்பத் திரும்பக் கிண்டிக் கேட்கக் கூடாது. யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது, ஏனென்றால் சொல்லத்தான் வேண்டி வரும். துன்பம் செய்தவனிடம் நேரே போய்ச் சண்டை பிடிக்கக் கூடாது, அந்தக் கோபமும் பிள்ளை மேல்தான் இறங்கும். செயலாளர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அவருடைய எழுத்து முத்துமுத்தாக இருந்ததென்று சிஸ்டரே சொன்னார். பிறகு சிஸ்டர் ஒன்று சொன்னார்.

"பிள்ளையின்ர வாய்க்குள்ள நீங்கள் சொல்லை வைக்கக் கூடாது. பேய்தானே அடிச்சது எண்டு பெரிய ஆக்கள் கேட்டால், பிள்ளை ஓம் எண்டு தலையாட்டும். அதுக்கு அதுதான் பாதுகாப்பு. நீங்கள் 'பிறகு' எண்டு மட்டும் கேளுங்கோ. பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கோ."

அகப்பை என் கையில் அப்படியே நின்றது. அந்தப் பேச்சு எனக்கென்றே தட்டியைத் துளைத்துக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. நாலு நூல். நாலு தரமும் நான்தான் கேட்டேன், முனிதானே என்று.

இரண்டாம் நாள் நடித்துப் பார்க்கிற பயிற்சி. ஒருவர் பிள்ளையாக இருக்க வேண்டும், ஒருவர் கேட்க வேண்டும். வளர்ந்தவர்கள் யாரும் பிள்ளையாக இருக்க வரவில்லை, வெட்கம். சிஸ்டர் சுற்றிப் பார்த்துவிட்டுத் தட்டிக்கு மேலால் என்னைக் கண்டார். என் உயரம் அன்றைக்குத்தான் ஒரு வேலைக்கு உதவியது. சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். என்ன பகிடி விடலாம், யாரைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் யோசனை. மேசைக்குக் கீழே குந்தச் சொன்னார்கள். குந்தினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கேட்கிற ஆளாக வர செயலாளர் கை தூக்கினார்.

அவர் மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்த சத்தம் என் தலைக்கு மேலே கேட்டது. சின்னச் சத்தம். பிறகு குனிந்து, எனக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, கையை என் முதுகில் வைத்தார். தோள்பட்டைகளுக்கு நடுவில், ஐந்து விரலும் விரித்து.

"பயப்படாதேங்கோ பிள்ளை. என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ."

அவ்வளவு அன்பான குரல். சொல்ல வைத்திருந்த பகிடி என் வாயில் இல்லை. வெளியே வெயிலில் ஒரு இலை அசையவில்லை. அந்தக் கை இருந்த இடம் எனக்குத் தெரியும். நாலு தரம் நான் விபூதி பூசிய இடம். அந்த அளவும் தெரியும். பெருவிரல் எங்கே வரும், சுண்டு விரல் எங்கே முடியும் எல்லாம். அவர் திரும்பக் கேட்டார். மூன்றாம் தரமும் கேட்டார். என் கைகள் தாமாகப் போய்ப் பிடரியை மூடின.

சிஸ்டர் எல்லோருக்கும் காட்டிச் சொன்னார், பார்த்தீர்களா, பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள், இவர் எவ்வளவு அச்சாவாகச் செய்கிறார் என்று. எல்லோரும் கை தட்டினார்கள். என் வாழ்க்கையில் எனக்கு விழுந்த ஒரே கைதட்டு. நான் நடிக்கவில்லை.

வெளியே வந்தபோது பிள்ளை அடுப்படியில் நின்றாள். தட்டி ஓட்டையால் எல்லாம் பார்த்திருக்கிறாள். எனக்குச் செம்பில் தண்ணி கொண்டு வந்து தந்தாள். அவளாக எனக்கு ஒன்று தந்தது அதுதான் முதல் தரம். நான் குடித்து முடிக்கும் வரை நின்றுவிட்டுக் கேட்டாள்.

"மாமா, உங்களையும் அடிச்சிச்சா?"

அந்த நேரம் பேசாமல் இருந்தது போல் கஷ்டமான வேலை நான் செய்ததில்லை. காடு வெட்டியிருக்கிறேன், கிணறு வெட்டியிருக்கிறேன், ஒன்றும் இதற்குக் கிட்ட வராது. வாய் முழுக்கக் கேள்வி. அவர்தானே, சித்தப்பாதானே, சொல்லு. பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்புக்கு முன்னால் குந்தினேன். அவளும் குந்தினாள். இல்லை என்று மட்டும் சொன்னேன். நேரம் போனது. விறகு ஒன்றைத் தள்ளினேன். அவள் நெருப்பைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினாள்.

"நீங்க சொல்ற முனி கை தட்டும். எங்க வீட்டு முனி தட்டாது."

"அப்புறம்?"

"மொதல்ல மணிக்கூட்டக் கழட்டி மேசையில வைக்கும். கதவச் சாத்தும். சத்தம் போட்டா இன்னொன்னு விழும்னு சொல்லும்."

"அப்புறம்?"

"அப்புறம் மணிக்கூட்டக் கட்டிக்கிட்டு மனு எழுதப் போயிரும்."

வெயில் சுட்டது, அடுப்பு சுட்டது, எனக்குக் குளிர்ந்தது. நான் செய்து வைத்த முனியை எடுத்து ஒருவர் தன் கைக்கு உறை மாதிரிப் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் அதற்கு மாதாமாதம் நூல் கட்டிப் பொங்கலில் முதல் பங்கு தின்றிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லமாட்டீங்கதானே என்று பிள்ளை கேட்டாள். அதுவரை ஒரு ரகசியத்தையும் ஒரு மணி நேரம் வைத்திருக்காதவன் நான். அன்றைக்குத்தான் சரி என்று சொல்ல ஆசையாக இருந்தது. சொன்னால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. எங்கள் காணி மனு செயலாளர் கையில் இருந்தது. ஆனால் சனிக்கிழமை கொழும்பு ஆள் வரும். சிஸ்டரிடம் மட்டும் சொல்ல வேண்டும், நீ கூட இருக்கலாம் என்றேன். அவள் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சிஸ்டர் மணிக்கூடு கட்டியிருக்காங்களா?"

எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இல்லை, கழுத்தில் சிலுவை மட்டும்தான் என்றேன். அப்படியென்றால் சரி என்றாள்.

பின்னேரம் எல்லோரும் போன பிறகு சிஸ்டர் அடுப்படிக்கு வந்து, சாக்கை விரித்து, பிள்ளையின் உயரத்துக்கு இருந்தார். பிள்ளை எனக்குச் சொன்னதையே சொன்னாள். சிஸ்டர் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவள் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, நான் ஏதாவது சொல்லிக்கொடுத்தேனா என்று கேட்டார். அப்புறம் அப்புறம் என்றுதான் கேட்டேன் என்றேன். வந்தது வரட்டும் என்று மற்றதையும் சொன்னேன், முனியே நான்தான் என்று. எழுதிய தாளை மடித்து வைத்தார்.

"அதைப் பிறகு பாப்பம். முதல் பிள்ளை."

நாளைக்கு எல்லோருக்கும் முன்னால், முதுகைக் காட்ட பிள்ளையை வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சித்தப்பாவிடம் அனுமதி கேட்பாராம். ஊருக்கு முன்னால் மறுப்பது கஷ்டம். அன்றிரவு மட்டும் பிள்ளை அந்த வீட்டுக்குப் போகக் கூடாது. பொங்கலுக்கு விரதம், பிள்ளை பூசாரி வீட்டில்தான் படுக்க வேண்டும் என்று என் மனைவி செயலாளர் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டுப் பிள்ளையை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். அவள் சொன்ன முதல் பொய். என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை உச்சி நேரம். பாலை மரத்தடியில் ஊர் முழுக்க. என் மனைவி பானைக்கு முன்னால் நின்று அரிசி இடுகிறாள். வான் பாதையோரம் நிற்கிறது, அதன் சாரதி காலை வெளியே நீட்டிக்கொண்டு நித்திரை. செயலாளர் வந்ததும் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சிஸ்டர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டு, மரியாதையாகச் சொன்னார்.

"சிஸ்டர், இதுக்கு ஆஸ்பத்திரியில மருந்தில்லை. இது முனி அடி. எங்கட சனத்தின்ர நம்பிக்கை. நீங்கள் இதுக்குள்ள வராதேங்கோ."

ஊர் தலையாட்டியது. சிஸ்டருக்கு அதற்கு மேல் வழியில்லை. செயலாளர் பிள்ளையின் சித்தப்பா. அவர் என் பக்கம் திரும்பி, நூலைக் கட்டுங்கோ என்றார். நூல் என் கையில் இருந்தது.

நான் கல்லுக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். முனி இல்லை. வத்தகப்பழத்துக்காக நான் செய்த பொய். நான்தான் மரத்துக்குப் பின்னால் குந்தியிருந்து தட்டினேன். இந்தப் பிள்ளையை முனி அடிக்கவில்லை, மனிசன் அடித்தது.

எல்லோரும் சிரித்தார்கள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒரு கிழவனுக்குப் புரையேறிவிட்டது. வாழ்நாள் முழுக்கப் பகிடி விட்டவன் ஒரு நாள் உண்மை சொன்னால் இதுதான் நடக்கும். செயலாளரும் சிரித்தார். இவன்ர பகிடிக்கு அளவில்லை என்றார். சிரித்தபடியே பிள்ளையைப் பிடித்த கையை விடாமல் உயர்த்தி, மற்றக் கையால் மணிக்கூட்டுப் பட்டியைக் கழற்றத் தொடங்கினார்.

பிள்ளையின் தோள் இரண்டும் காதுவரை ஏறின. அதை நான் பார்த்தேன், சிஸ்டர் பார்த்தார். ஊர் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்போது கிணற்றுக்குப் பின்னாலிருந்து ஒரு கைதட்டு.

ஒரு மூச்சு விடும் நேரம்.

இன்னொன்று.

சிரிப்பு நின்றது. பானை பொங்கி நெருப்பில் வழிகிற சத்தம் மட்டும். என் தலைமயிர் ஒவ்வொன்றாக எழும்பியது. அந்த இடைவெளி என்னுடையது. நான் வைத்த அளவு. நானோ கல்லுக்கு முன்னால், இரண்டு கையிலும் நூலோடு நிற்கிறேன்.

மூன்றாவது தட்டு.

அந்தக் கூட்டத்தில் முனி இல்லை என்று உறுதியாகத் தெரிந்த ஆண்கள் இரண்டே பேர். பொய்யைச் செய்தவன் நான். அதைப் பாவித்தவர் அவர். ஊர் பயந்தது பழகிய பயம். அவருடைய முகத்தில் வந்தது அது இல்லை. மணிக்கூடு அவர் கையிலிருந்து நழுவி மணலில் விழுந்தது. பிடித்த கை விட்டுவிட்டது. அவர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது வேறு யாருடையதோ என்பது போல.

பிள்ளை ஓடவில்லை. காலடி கேட்காமல் நடந்து போய் வானில் ஏறினாள். சிஸ்டர் பின்னால் போய்க் கதவைச் சாத்தினார். யாரும் மறிக்கவில்லை. மறிக்க ஒருவருக்கும் கால் எழும்பவில்லை.

மற்றது எல்லாம் மெதுவாக நடந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் முதுகைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். சிஸ்டர் அரசாங்கத்தின் ஊர்த் தலைவரான விதானையாரோடு திரும்பி வந்து பெண்களை ஒவ்வொருவராகத் தனியே இருத்திக் கதைத்தார், 'பிறகு' என்று மட்டும் கேட்டு. கடைசியாகச் செயலாளருடைய மனைவியே வாய் திறந்தாள். வழக்கு என்று ஒன்று தொடங்கியது, அதற்குள் அவர் ஊரை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று தெரியாது. தண்டனை கிடைத்தது என்று எழுத ஆசைதான், ஆனால் இந்தக் கதையில் போதுமான பொய் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். பிள்ளை சிஸ்டர்களின் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நாலு நூலையும் என் மனைவிதான் கத்தரித்தாள். கல்லை நான் பிடுங்கப் போனேன், ஊர் விடவில்லை. இன்றைக்கும் பொங்குகிறார்கள். நான் முதல் பங்கு வாங்குவதில்லை.

மனு எழுத ஆளில்லாமல் போனதால், பாலர் பள்ளிப் பிள்ளைகளோடு சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நானும் எழுத்துப் படித்தேன். அப்படித்தான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கைதட்டை மட்டும் நான் விடவில்லை. ஒருவரையும் மிச்சம் வைக்காமல் விசாரித்தேன். மனைவி பானைக்கு முன்னால் நின்றாள், என் கண்ணாலே பார்த்தேன். சாரதி நித்திரை. பழம் திருடின பிள்ளைகள் எல்லோரும் தாய்மாரின் சேலையைப் பிடித்துக்கொண்டு முன்னால் நின்றார்கள். அடுத்த நாள் உச்சி வெயிலில் நான் தனியே கிணற்றுக்குப் பின்னால் போனேன். நான் வழக்கமாகக் குந்துகிற இடத்தில், மணலில், இரண்டு பாதம் பதிந்திருந்தது. என் பாதம் போலச் சின்னது. வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லை. கிட்டக் குனிந்து பார்த்தேன், அந்தப் பாதத்துக்குப் பக்கத்தில்

பொறுங்கள். குசினியிலிருந்து அவள் கூப்பிடுகிறாள். விடுதி லீவுக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வருவாள், வந்தால் சமையல் அவளுடையது. இப்போது ஊரில் அவளைப்போல் வாயாடி கிடையாது. ஆனால் எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால், சாப்பாட்டுக்குக் கூப்பிடக் கத்தமாட்டாள். கை தட்டுவாள். இரண்டு தட்டிவிட்டாள்.

மூன்றாவதுக்குள் போய்விட வேண்டும்.